லூட்டன் பாதுகாப்பான ஊரா? இங்கிலாந்தில் வீடு தேடும் முன் குற்றக் கணக்கைப் படிப்பது எப்படி?

லண்டனுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது லூட்டன். வேக ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷன். வாடகை லண்டனைவிட குறைவு. ஊருக்குள்ளேயே பெட்ஃபோர்ட்ஷைர் பல்கலைக்கழகம், பக்கத்திலேயே விமான நிலையம். அதனால் வேலைக்கோ படிப்புக்கோ இங்கிலாந்து போகிறவர்கள் வீடு தேடும்போது இந்தப் பெயர் அடிக்கடி கண்ணில் படும்.

பெயரைச் சொன்னதும் வரும் முதல் கேள்வி: "லூட்டனா? அது சேஃபான ஏரியாவா?"

இணையத்தில் தேடினால் பயம் இன்னும் கூடும். "ஆபத்தான ஊர்கள்" என்ற தலைப்பில் வரும் பட்டியல்களில் ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் ஒரே ஒரு எண் இருக்கும். அதை வைத்துத்தான் பல குடும்பங்கள் ஊரையே ஒதுக்கிவிடுகின்றன. ஆனால் அந்த எண் ஊரைப் பற்றியது. நீங்கள் வாடகைக்கு எடுக்கப்போகும் வீட்டைப் பற்றியது அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் ரொம்பப் பெரியது.

ஊர் பெயர் கெட்டது எப்படி?

1995 ஜூலையில் லூட்டனின் மார்ஷ் ஃபார்ம் குடியிருப்பில் அடுத்தடுத்த இரவுகளில் கலவரம் நடந்தது. 2005 ஜூலை 7 அன்று லண்டனில் குண்டு வைத்த நான்கு பேரும் லூட்டன் ஸ்டேஷனில்தான் ஒன்றுசேர்ந்து ரயில் ஏறினார்கள். அவர்களில் யாரும் லூட்டன்காரர் இல்லை என்பது பலருக்கு நினைவில் இல்லை. 2009-ல் 'இங்கிலீஷ் டிஃபென்ஸ் லீக்' என்ற தீவிர வலதுசாரி அமைப்பு உருவானதும் இதே ஊரில்தான்.

இந்தச் செய்திகளுக்கும், உங்கள் தெருவில் பூட்டு உடைக்கப்படுமா என்ற கேள்விக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனா ஊர் பெயரைக் கேட்டதும் மனசில் வருவது இதுதான்.

அதற்காக எல்லாமே வெறும் வதந்தி என்றும் சொல்லிவிட முடியாது. இளைஞர் கும்பல்களின் துப்பாக்கி, கத்தி வன்முறை லூட்டனில் உண்மையான பிரச்சினை. இதற்காகவே பெட்ஃபோர்ட்ஷைர் போலீஸ் 'ஆபரேஷன் போசன்' என்ற பெயரில் தனிக் குழு வைத்து வேலை செய்கிறது. வழக்கமான பட்ஜெட் போதாமல் உள்துறை அமைச்சகத்திடம் சிறப்பு நிதியும் வாங்கியிருக்கிறது. நிதி ஒதுக்கும்போது தங்களைக் கிராமப்புற மாவட்டம் போல நடத்துகிறார்கள், ஆனால் லூட்டனும் பெட்ஃபோர்டும் தருவது பெருநகரப் பிரச்சினைகள் என்பது அந்தப் போலீஸின் பல வருஷப் புகார். கும்பல்களுக்கு இடையிலான இந்த வன்முறையில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த வட்டத்துக்குள் இருக்கும், அதற்குள் இழுக்கப்படும் இளைஞர்கள். டீன் ஏஜ் பையன் இருக்கும் குடும்பம் இதை வேறு மாதிரிதான் யோசிக்க வேண்டும். குழந்தை இல்லாத தம்பதிக்கு அந்தக் கவலை அதே அளவில் இல்லை.

'1,000 பேருக்கு இத்தனை' என்றால் என்ன?

கணக்கு எளிமையானது. ஒரு வருஷத்தில் போலீஸ் பதிவு செய்த குற்றங்களை, அந்த ஊரில் குடியிருக்கும் மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குகிறார்கள். 1 லட்சம் பேர் இருக்கும் ஊரில் 9,000 குற்றங்கள் பதிவானால், 1,000 பேருக்கு 90. அவ்ளோதான்.

சிக்கல் என்னவென்றால், மேலே இருக்கும் எண்ணில் வெளியூர்க்காரர்களுக்கு நடந்ததும் சேரும். கீழே இருக்கும் எண்ணில் குடியிருப்பவர்கள் மட்டும்தான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லூட்டனில் இருப்பவர்கள் சுமார் 2.25 லட்சம் பேர். ஆனால் லூட்டன் விமான நிலையம் வழியாக 2023-ல் மட்டும் 1.6 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் போய் வந்தார்கள். ஊர் மக்கள்தொகையைப் போல சுமார் 70 மடங்கு! அங்கே ஒருவருடைய பை திருடு போனாலும், போதையில் ஒருவர் தகராறு செய்தாலும், அது லூட்டன் கணக்கில்தான் ஏறும்.

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியைப் பாருங்கள். குடியிருப்பவர்கள் சுமார் 2 லட்சம் பேர்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டுக்கும் சோஹோவுக்கும் தினமும் வந்து போகும் கூட்டத்துக்கு அளவே இல்லை. மொபைல் பறிப்பும் பிக்பாக்கெட்டும் சேர்ந்து, 1,000 பேருக்கான கணக்கில் வெஸ்ட்மின்ஸ்டர் எப்போதும் உச்சியில் இருக்கும். ஆனா நாட்டிலேயே அதிக வாடகை கேட்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

எந்தக் குற்றம் என்று பார்த்தீர்களா?

மொத்த எண்ணைவிட முக்கியம் அதற்குள் என்ன இருக்கிறது என்பது. இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் பட்டியலின் உச்சியில் நிற்பது 'வன்முறை மற்றும் பாலியல் குற்றங்கள்' என்ற தலைப்பு. படிக்கும்போதே பகீரென்று இருக்கும். ஆனால் இந்த ஒரே தலைப்புக்குள் கத்திக்குத்தும் இருக்கிறது, காயமே இல்லாத தள்ளுமுள்ளும் இருக்கிறது, தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் இருக்கிறது.

இன்னொன்று: போலீஸ் பதிவு செய்யும் வன்முறைக் குற்றங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குடும்ப வன்முறை தொடர்பானது. அதாவது தெருவில் நடந்து போகிறவர் மீது யாரோ பாய்ந்தது அல்ல, நாலு சுவருக்குள் நடந்தது. அதன் கொடுமை எந்த விதத்திலும் குறைவில்லை. ஆனால் "ராத்திரி ஸ்டேஷனிலிருந்து நடந்து வர முடியுமா?" என்ற கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லாது.

'பர்க்ளரி' என்ற தலைப்பையும் கவனமாகப் படிக்க வேண்டும். நம்ம ஊரில் பூட்டை உடைத்துத் திருடுவது என்றே புரிந்துகொள்வோம். இங்கிலாந்துச் சட்டப்படி பூட்டு உடைய வேண்டிய அவசியமே இல்லை. திறந்து கிடந்த பின்கதவு வழியாகத் திருடும் எண்ணத்தோடு உள்ளே நுழைந்தாலே போதும். கடை, குடோன், ஆபீஸ் திருட்டுகளும் இதே தலைப்பில் வரும். 2017 ஏப்ரலில் விதி மாறிய பிறகு, வீட்டுத் தோட்டத்து ஷெட்டிலும் கராஜிலும் நடக்கும் திருட்டும் வீட்டுத் திருட்டுக் கணக்கில் சேர்ந்தது. சைக்கிள் போனதும் 'வீட்டுத் திருட்டு'தான், நகை போனதும் 'வீட்டுத் திருட்டு'தான்.

மேப்பில் இருக்கும் புள்ளி உங்கள் வீடு இல்லை

இங்கிலாந்தில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. 2011 ஜனவரியில் தொடங்கிய 'போலீஸ் டாட் யுகே' தளத்தில் போஸ்ட்கோடு போட்டால், அந்தப் பகுதியில் மாதாமாதம் பதிவான குற்றங்கள் மேப்பில் வரும். தொடங்கிய அன்றே கூட்டம் தாங்காமல் தளம் முடங்கியது என்றால், ஆர்வம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, குற்றம் நடந்த சரியான இடத்தை மேப் காட்டாது. பக்கத்தில் முன்கூட்டியே குறித்து வைத்த ஒரு புள்ளிக்கு அதை நகர்த்திவிடுவார்கள். குடியிருப்புப் பகுதியில் ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் குறைந்தது எட்டு முகவரிகளாவது இருக்க வேண்டும் என்பது விதி. "இந்தத் தெருவில் அல்லது அருகில்" என்று போடுவது அதனால்தான். "சூப்பர் மார்க்கெட் அருகில்", "பார்க்கிங் அருகில்" என்றும் வரும். ஒரு புள்ளியில் எண்ணிக்கை குவிந்திருந்தால், அந்தத் தெரு ரவுடிகள் தெரு என்று முடிவு கட்ட வேண்டாம். பக்கத்தில் ஒரு பெரிய கடை இருக்கலாம்.

லூட்டனிலும் இதைப் பார்க்கலாம். ஜார்ஜ் ஸ்ட்ரீட், 'லூட்டன் பாயிண்ட்' வணிக வளாகம், ரயில் ஸ்டேஷன் இருக்கும் டவுன் சென்டரில் புள்ளிகள் அடர்த்தியாக இருக்கும். ஸ்டாப்ஸ்லி, பிராமிங்கம், விக்மோர் போன்ற ஓரக் குடியிருப்புகளுக்குப் போனால் மேப் வெளுத்துவிடும். எல்லாம் ஒரே ஊர்தான், ஒரே "1,000 பேருக்கு" எண்தான்.

ஒரு மாதத்தை மட்டும் பார்ப்பதும் தப்பு. 12 மாதங்களையாவது எடுத்து, வீட்டுத் திருட்டு, வழிப்பறி, வாகனக் குற்றம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. குடியிருக்கப் போகிறவருக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை இவைதான்.

குறைந்தால் நல்லதா, கூடினால் கெட்டதா?

அதுவும் அவ்வளவு சுலபமில்லை. போலீஸ் பதிவுக் கணக்கு, மக்கள் எவ்வளவு புகார் கொடுக்கிறார்கள், போலீஸ் எவ்வளவு பதிவு செய்கிறது என்பதைப் பொறுத்தது. 2014 ஜனவரியில், இந்தக் கணக்கை நம்ப முடியாது என்று சொல்லி அதற்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற அந்தஸ்தையே பறித்தார்கள். அதே வருஷம் போலீஸைத் தணிக்கை செய்யும் அமைப்பு ஆய்வு செய்தபோது, புகார் செய்யப்பட்ட குற்றங்களில் ஐந்தில் ஒன்று பதிவே ஆகவில்லை என்று தெரிந்தது. அதன் பிறகு பதிவு ஒழுங்கானது. விளைவு? நாடு முழுக்க வன்முறைக் கணக்கு ஏறியது.

2023 மே மாதம் எண்ணும் விதியைத் தளர்த்தினார்கள். ஒரே ஆள் ஒரே நபருக்கு எதிராகச் செய்ததாக ஒரே நேரத்தில் வரும் புகாரில், பெரும்பாலும் மிகக் கடுமையான குற்றத்தை மட்டும் எண்ணினால் போதும் என்றார்கள். அதன் பிறகு வந்த குறைவில் ஒரு பகுதி பேப்பரில் மட்டும் நடந்தது.

நாட்டளவில் நிஜ நிலவரம் தெரிய வேண்டும் என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. போலீஸிடம் போனார்களா இல்லையா என்று பார்க்காமல், வீடு வீடாகப் போய் "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கும் குற்றக் கருத்தாய்வு. 1980-களின் தொடக்கத்திலிருந்து இது நடக்கிறது. இதன்படி இங்கிலாந்து, வேல்ஸில் குற்றம் உச்சத்தில் இருந்தது 1995-ல். வீட்டுத் திருட்டு அதன் பிறகு பெருமளவு குறைந்துவிட்டது. நல்ல பூட்டு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், அலாரம் எல்லாம் இதற்கு ஒரு காரணம். ஆனால் இந்தக் கருத்தாய்வு ஒரு ஊருக்கு என்று தனியாக எண் தராது. ஊர் அளவில் கையில் இருப்பது போலீஸ் கணக்கு மட்டும்தான்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

எண்ணைவிட கால் நடை அதிகம் சொல்லும். பகலில் ஏஜென்ட்டோடு பார்த்த வீட்டை, இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனிலிருந்து நடந்து போய் இன்னொரு முறை பாருங்கள். லூட்டனில் ஒட்டு ஒட்டாகக் கட்டிய பழைய வீடுகள் நிறைய. இவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் குறுகிய சந்து ஓடும். அந்தச் சந்தில் கேட் இருக்கிறதா, அது பூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முன்கதவைவிட பின்கதவுதான் முக்கியம்.

பிளாஸ்டிக் சட்டம் போட்ட கதவுகளில் இருக்கும் சாதாரண சிலிண்டர் பூட்டை, திருடர்கள் ஒடித்தே திறந்துவிடுவார்கள். மூன்று நட்சத்திரம் போட்ட சிலிண்டர் என்றால் ஒடிப்பது கடினம். வீட்டு ஓனரிடம் இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். மாணவர்கள் சேர்ந்து தங்கும் வீட்டில், வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேருக்கு மேல் இருந்தாலோ, சரியாக ஐந்து பேர் இருந்தாலோ, ஓனரிடம் அதற்கான லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது 2018 அக்டோபர் முதல் சட்டம். லைசென்ஸ் இல்லாத வீட்டில் பூட்டு மட்டும் ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தங்கம் இருக்கும் வீடுகளுக்கு தனி எச்சரிக்கை

இது தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். தெற்காசியக் குடும்பங்களில் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்குத் தெரியும். அதனால்தான் தீபாவளி, கல்யாண சீசன் வரும்போது இங்கிலாந்தின் பல போலீஸ் பிரிவுகள் தனியாக எச்சரிக்கை விடுகின்றன. இங்கே ஊர் புள்ளிவிவரம் உதவாது. அமைதியான, குற்றம் குறைந்த தெருவில் இருக்கும் வீடுதான் சில நேரம் குறி.

நகையைத் தனியார் லாக்கரில் வைப்பது ஒரு வழி. இங்கிலாந்தில் பல வங்கிகள் இப்போது லாக்கர் வசதி தருவதில்லை. வீட்டில் வைத்தால் ஒவ்வொரு நகைக்கும் போட்டோவும் பில்லும் தனியாக இருக்கட்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் 'ஒரு பொருளுக்கு உச்சவரம்பு' என்ன என்று கட்டாயம் பாருங்கள். பல பாலிசிகளில் அது 1,500 அல்லது 2,000 பவுண்டுதான். தாலிக்கொடியோ ஆரமோ அதைத் தாண்டிவிடும். தனியாகச் சொல்லிச் சேர்க்கவில்லை என்றால் முழுப் பணம் வராது.

திருடு போனால் என்ன செய்வது?

திருடன் உள்ளே இருந்தாலோ, இப்போதுதான் ஓடினாலோ 999. நடந்து முடிந்துவிட்டது என்றால் 101, அல்லது அந்தந்தப் போலீஸ் இணையதளத்திலேயே புகார் தரலாம். புகார் தந்ததும் ஒரு குற்ற எண் தருவார்கள். இன்சூரன்ஸ் கிளெய்முக்கு அது அவசியம்.

வீட்டுத் திருட்டு நடந்தால் போலீஸ் நேரில் வர வேண்டும் என்று இங்கிலாந்து, வேல்ஸின் 43 போலீஸ் பிரிவுகளும் 2022 அக்டோபரில் ஒப்புக்கொண்டன. அதற்கு முன்பு பல இடங்களில் போனிலேயே எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் வந்து பார்ப்பதும் பிடிப்பதும் ஒன்றல்ல. குற்றவாளி மீது வழக்குப் பதிவாகும் வீட்டுத் திருட்டுகள் நூற்றுக்குப் பத்துகூட இல்லை. நகை திரும்பக் கிடைப்பது அதைவிட அபூர்வம்.