சீன, கிழக்காசிய ஆய்வுக்கான இணைய மூலங்கள்

சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் வரலாறு, இலக்கியம், சமயம், சமூகம் பற்றி ஆராய்வோர் இணையத்தில் பயன்படுத்தும் நூல்தொகுதிகள், ஆவணக் காப்பகங்கள், தரவுத்தளங்கள், ஆய்விதழ்த் தளங்கள், அகராதிகள் ஆகியவை கிழக்காசிய ஆய்வுக்கான இணைய மூலங்கள் எனப்படும். 1980களில் தைவானில் தொடங்கிய மின்னாக்கப் பணி நாற்பது ஆண்டுகளில் வேறெந்தத் துறையும் பொறாமைப்படும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஆனால் இந்தச் செல்வம் எல்லோருக்கும் ஒரேபோல் கிடைப்பதில்லை. பழைய நூல்களில் பெரும்பகுதி இலவசமாகத் திறந்திருக்கிறது. தற்கால ஆய்வுகளில் பெரும்பகுதி கட்டணத்துக்குள்ளோ அரசின் கட்டுப்பாட்டுக்குள்ளோ அடங்கிக் கிடக்கிறது. புதிதாக இத்துறைக்கு வருபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

பழஞ்சீன நூல்கள்

தைவானின் அகாதெமியா சினிகா நிறுவனம் 1984இல் சீன அரசமரபு வரலாறுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த ‘ஹான்ஜி’ தொகுதி கவனமாகப் பிழைதிருத்தப்பட்டது என்று ஆய்வாளர்களிடம் பெயர் பெற்றது. அதன் ஒரு பகுதியை யாரும் பார்க்கலாம். முழுவதையும் பார்க்க நிறுவன உறுப்புரிமை வேண்டும்.

தனி ஆய்வாளருக்கு மிகவும் கைகொடுப்பது டொனால்ட் ஸ்டர்ஜன் உருவாக்கிய ‘சைனீஸ் டெக்ஸ்ட் புராஜெக்ட்’ என்ற தளம். கன்பூசியஸ், மென்சியஸ், லாவோட்சு முதலியோர் பெயரில் வழங்கும் நூல்கள் அங்கே பத்தி பத்தியாகக் கிடைக்கின்றன. பலவற்றுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லெக் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அருகிலேயே இருக்கிறது. ஒரு சொல்லைத் தொட்டால் அகராதி திறக்கும். ஒரே தொடர் வேறு எந்தெந்த நூல்களில் வருகிறது என்பதையும் காட்டும். கியோத்தோவில் கிறிஸ்டியன் விட்டர்ன் தலைமையில் உருவான ‘கன்ரிப்போ’ களஞ்சியம், ஒரே நூலின் பல பதிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட வழி செய்கிறது.

இத்தளங்களில் ஒரு நூலைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. அது எந்தப் பதிப்பிலிருந்து ஏற்றப்பட்டது என்று அறிவதுதான் ஆய்வாளரின் உண்மையான வேலை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘சிகு சுவான்ஷு’. சிங் பேரரசர் சியான்லோங்கின் ஆணைப்படி 1770களில் தொடங்கி, ஏறத்தாழ 3,460 நூல்களை 36,000 ஏடுகளில் படியெடுத்த மாபெரும் தொகுதி அது. ஏழு படிகள் எழுதப்பட்டன. ‘வென்யுவான் மண்டப’ப் படி 1999இல் ஹாங்காங்கில் மின்பதிப்பாக வெளிவந்தபோது, ஆண்டுக்கணக்கில் எடுக்கும் தேடல் நொடிகளில் முடிந்தது. அந்தப் படி மின்வடிவில் கைக்கு எட்டியதால், பிற்பாடு எழுந்த பல இணையத் தொகுதிகள் அதையே மூலமாகக் கொண்டன. ஆனால் சிங் ஆட்சியாளர்கள் மஞ்சு இனத்தவர். வடபுல மக்களை இழித்துப் பேசிய பழைய தொடர்களை அரசவைத் தொகுப்பாளர்கள் பல இடங்களில் வெட்டினார்கள், மாற்றினார்கள். சில நூல்களை முழுவதுமாக ஒதுக்கினார்கள். ஆகவே சோங், மிங் காலத்தவர் தம் வடக்கு அண்டையாரைப் பற்றி எழுதியதை இத்தொகுதியை மட்டும் நம்பி மேற்கோள் காட்டுவது ஆபத்து. சாமிநாதையர் போன்றோர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த உழைப்பை அறிந்த தமிழருக்கு இந்த எச்சரிக்கையின் கனம் விளங்கும்.

எழுத்துணரி மென்பொருள் வழியே ஏறிய பாடங்களில் உருவொத்த எழுத்துகள் மாறிக் கிடப்பதும் உண்டு. இவற்றைக் கண்டறிய ஒரே வழி மூல ஏட்டின் படத்தைப் பார்ப்பது. ஹார்வர்டு-யென்சிங் நூலகம் தன் அரிய சீன நூல்களின் பக்கப் படங்களை இலவசமாக வைத்திருக்கிறது. சீனத் தேசிய நூலகமும் பழஞ்சுவடிகளுக்கென ஒரு பெரிய படத்தொகுதியைத் திறந்திருக்கிறது.

பௌத்த நூல்களும் துன்ஹுவாங் சுவடிகளும்

பௌத்தத் துறையில் இணைய மூலங்களின் தரம் வியப்பூட்டுவது. 1924 முதல் 1934 வரை ஜப்பானில் தகாகுசு ஜுன்ஜிரோ, வாதனாபே கைகியோக்கு ஆகியோர் தலைமையில் 100 தொகுதிகளாக அச்சான ‘தைஷோ’ திரிபிடகம்தான் அடித்தளம். அது கொரியாவின் ஹேயின்சா மடத்தில் காக்கப்படும் 81,000க்கும் மேற்பட்ட மரஅச்சுப் பலகைகளின் பாடத்தை முதன்மையாகக் கொண்டது. 1998இல் தைபேயில் தொடங்கிய ‘சிபேட்டா’ சங்கம் அதன் பெரும்பகுதியைத் தட்டச்சேற்றி, பாடபேதக் குறிப்புகளுடன் இலவசமாக வழங்குகிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ‘சாட்’ தளம் அதே நூல்களைப் பக்கப் படங்களோடு தருகிறது. தைஷோவில் ஒவ்வொரு நூலுக்கும் எண் உண்டு. பெயரைவிட எண்ணால் தேடுவதே குழப்பமற்றது. யுவான் சுவாங்கின் பயண நூல் 2087. காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டைப் பற்றிய பகுதி அதன் பத்தாம் சுருளில் இருக்கிறது. கலைச்சொற்களுக்கு, சார்லஸ் முல்லர் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் பௌத்த மின்னகராதி உதவும்.

துன்ஹுவாங்கில் 1900இல் வாங் யுவான்லு என்ற தாவோயத் துறவி கண்ட குகைச் சுவடிகள், ஆரல் ஸ்டைன், பால் பெலியோ முதலியோர் வாங்கிச் சென்றதால் லண்டன், பாரிஸ், பீஜிங், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று சிதறின. ஒரே சுவடியின் இரு துண்டுகள் இரு நாடுகளில் இருப்பதுண்டு. அவற்றை ஒரே திரையில் சேர்க்க 1994இல் பிரித்தானிய நூலகத்தில் பன்னாட்டு துன்ஹுவாங் திட்டம் தொடங்கியது. 868ஆம் ஆண்டு அச்சான ‘வஜ்ரச்சேதிகா’ சூத்திரத்தை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெலியோ கொண்டுசென்ற சுவடிகள் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் ‘கலிக்கா’ தளத்திலும் உள்ளன. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. தேவையான படங்களை உரிமம் அனுமதிக்கும் அளவில் சேமித்து, பார்த்த நாளையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு தேவை என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

ஆளும் ஊரும்

ராபர்ட் ஹார்ட்வெல் என்ற வரலாற்றாசிரியர் தொடங்கிய சீன வாழ்க்கை வரலாற்றுத் தரவுத்தளத்தை இன்று ஹார்வர்டு, அகாதெமியா சினிகா, பீஜிங் பல்கலைக்கழகம் ஆகியவை கூட்டாக நடத்துகின்றன. முக்கியமாக 7 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உறவு, பதவி, தேர்வு, கடிதத் தொடர்பு விவரங்கள் இதில் உள்ளன. அதிகாரிகளும் கற்றோருமே மூலங்களில் இடம்பெற்றதால் பெண்களும் உழவர்களும் இதில் குறைவு. இதை மறந்து எண்ணிக்கைகளைச் சமூகத்தின் படமாகக் கொள்ளக்கூடாது. கி.மு. 221 முதல் 1911 வரையிலான நிர்வாகப் பிரிவுகளுக்கு, ஹார்வர்டும் ஃபூதான் பல்கலைக்கழகமும் உருவாக்கிய வரைபடத் தரவு இருக்கிறது.

ஜப்பானும் கொரியாவும்

கொரியா இத்துறையில் முன்மாதிரி. 1392 முதல் 1863 வரையிலான 25 மன்னர்களின் ஆட்சியைப் பதியும் ‘ஜோசோன் அரசமரபுக் குறிப்பேடுகள்’, செவ்வியல் சீன (செஞ்சீன) மூலமும் கொரிய மொழிபெயர்ப்பும் சேர்ந்து, இலவசமாக, தேடத்தக்க வடிவில் கிடைக்கின்றன. ஓர் அரசு தன் வரலாற்றைப் பொதுமக்கள் கையில் கொடுக்க வேண்டிய முறை இதுதான்.

ஜப்பானில் 1997இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘அவோசோரா புன்கோ’ உரிமை காலாவதியான இலக்கியங்களைத் தருகிறது. 2018 டிசம்பரில் அந்நாடு பதிப்புரிமைக் காலத்தை 50இலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டியதால், 1968இல் மறைந்த எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு 2039 வரை காத்திருக்க வேண்டும். ஆய்விதழ்களுக்கு ‘ஜே-ஸ்டேஜ்’, ‘சைனி’ தளங்கள் உள்ளன. 2001இல் திறக்கப்பட்ட ஆசிய வரலாற்று ஆவண மையம், 1945க்கு முந்தைய ஜப்பானிய வெளியுறவு, தரைப்படை, கடற்படை ஆவணங்களைப் படங்களாக வைத்திருக்கிறது. மலாயாவிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பற்றி ஆராய்வோர், பாதையைக் கட்டிய படையின் தரப்பு ஆவணங்களையும் தேட வேண்டிய இடம் இது.

தற்கால ஆய்வும் அணுகல் தடைகளும்

சீன மொழி ஆய்விதழ்களின் மிகப் பெரிய தொகுதி சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் 1999இல் தோன்றிய ‘சி.என்.கே.ஐ.’. சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக 2022இல் சீன அரசே அதற்கு 8.76 கோடி யுவான் அபராதம் விதித்தது. 2023 ஏப்ரலில் ஆய்வேடுகள், புள்ளிவிவர ஆண்டுநூல்கள் முதலிய சில பிரிவுகள் வெளிநாட்டுப் பயனர்களுக்கு அடைக்கப்பட்டன. தற்காலச் சீனாவை ஒரே தளத்தை நம்பி ஆராயத் திட்டமிடுவது விவேகமன்று. தைவான், ஹாங்காங் நூலகங்களையும் ஆசிரியர்களின் சொந்தப் பக்கங்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

தேடும் முறை

ஒரே எழுத்து சீனாவில் சுருக்க வடிவிலும், தைவானில் மரபு வடிவிலும், ஜப்பானில் மூன்றாவது வடிவிலும் வரலாம். சில தளங்கள் தாமே மாற்றித் தேடும்; பல தேடா. முடிவு எதுவும் வராவிட்டால் வேறு வடிவில் ஒருமுறை தேடிய பிறகே இல்லை என்று கொள்ள வேண்டும். ஆங்கிலப் பட்டியல்களில் பழைய நூல்கள் வேட்-ஜைல்ஸ் ஒலிபெயர்ப்பிலும் புதியவை பின்யினிலும் இருக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2000ஆம் ஆண்டில்தான் பின்யினுக்கு மாறியது. இயந்திர மொழிபெயர்ப்பு ஒரு பக்கத்தின் பொருளைச் சட்டென்று அறிய உதவும். ஆனால் செஞ்சீனத்தில் ஆள்பெயர், ஊர்ப்பெயர், பதவிப்பெயர் மூன்றையும் அது சரளமான நடையில் தவறாகத் தந்துவிடுகிறது. அதை மேற்கோளாக வைக்கக்கூடாது.

தமிழக வரலாற்றோடு தொடர்புள்ள மூலங்கள்

நீலகண்ட சாஸ்திரி 1939இல் தென்னிந்தியா பற்றிய அயல்நாட்டார் குறிப்புகளைத் தொகுத்தபோது மொழிபெயர்ப்புகளை நாட வேண்டியிருந்தது. அவற்றின் மூலங்கள் இன்று கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ‘சோங் வரலாறு’ 489ஆம் சுருளில் சோழநாடு ‘ஜூநியென்’ என்ற பெயரில் வருகிறது. 1015இல் வந்து சேர்ந்த ராஜராஜனின் தூதுக்குழு வழியில் 1,150 நாட்கள் கழித்தது என்றும், 1077இல் வந்த குழுவுக்கு 81,800 கோவை செப்புக்காசு அளிக்கப்பட்டது என்றும் அது பதிகிறது. 1225இல் சாவ் ருகுவா எழுதிய ‘சூஃபான் சி’யின் மூலமும், ஹிர்த், ராக்ஹில் இருவரும் 1911இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பும் இணையத்தில் உள்ளன. சுவான்சௌ துறைமுகத்தின் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டையும், மிங் காலக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கையின் காலியில் நிறுவிய மும்மொழிக் கல்வெட்டையும் ஆராய்வோர் இவற்றோடு சேர்த்துப் படிக்கலாம். சோழர் கடல்வணிகம் பற்றி எழுதுவோர் செஞ்சீனம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இனியாவது மூலத்தையே திறந்து பார்க்க வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.