தொலைதூரச் செயல்மிகு விண்மீன் திரள்களில் கருந்துளைகளின் நிறை: மதிப்பீட்டு முறைகளின் வரலாறு (1943–2024)

ஆய்வுச் சுருக்கம்

செயல்மிகு விண்மீன் திரள்களின் மையக் கருந்துளைகளுக்கு இன்று நிறை குறிக்கப்படும் முறை ஒரே நாளில் உருவானதன்று. நிறமாலைக் கோட்டின் அகலம், ஒளியின் காலத்தாழ்வு, ஒளிர்திறன் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு அம்முறை வளர்ந்தது. அவ்வளர்ச்சியைக் கால வரிசையில் ஆராயும் இக்கட்டுரை, தொலைதூரக் குவாசார்களுக்குத் தரப்படும் எண்கள் அளவீடுகள் அல்ல, மதிப்பீடுகளே என்பதை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: கருந்துளை, குவாசார், அகல்கோட்டுப் பகுதி, எதிரொலி வரைவு, அளவுக்காரணி

முன்னுரை

ஒரு பொருளின் ஈர்ப்பில் சுழலும் வாயுவின் வேகமும், அவ்வாயு மையத்திலிருந்து இருக்கும் தொலைவும் தெரிந்தால் அப்பொருளின் நிறையைக் கணக்கிடலாம். கோள்களின் இயக்கத்திலிருந்து சூரியனின் நிறையைப் பெறும் அதே விதிதான் இது. தொலைவிலுள்ள விண்மீன் திரள்களில் வேகத்தை அறிதல் எளிது. தொலைவை அறிதலே கடினம். இத்துறையின் வரலாறு பெரும்பகுதியும் அந்தத் தொலைவைத் தேடிய வரலாறேயாகும்.

1. கோட்டின் அகலம் எழுப்பிய வினா

1943ஆம் ஆண்டில் கார்ல் சீஃபர்ட், சில சுருள் விண்மீன் திரள்களின் மையத்திலிருந்து வரும் உமிழ்கோடுகள் வழக்கத்திற்கு மாறாக அகன்றிருப்பதை விரிவாகப் பதிவு செய்தார். டாப்ளர் விளைவால் அவ்வகலம் உண்டாயிற்று எனக் கொண்டால், வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் இயங்க வேண்டும். 1959இல் லோடவைக் வோல்ட்யர் இதனை நிறை குறித்த வினாவாக மாற்றினார். இவ்வளவு விரைந்தோடும் வாயு சிதறாமல் மையத்தில் தங்க வேண்டுமாயின் அங்கே மிகப்பெரும் நிறை இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். வாயுப் பகுதியின் அளவு தெளிவாகத் தெரியாமையால் அவர் கணிப்பு பன்மடங்கு கூடவோ குறையவோ இடமிருந்தது.

1963இல் மார்ட்டன் ஷ்மித், 3சி 273 என்னும் பொருளின் செம்பெயர்ச்சி 0.158 எனக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் சால்பீட்டரும் செல்தோவிச்சும் தனித்தனியே, பெருநிறைப் பொருளின்மீது விழும் வாயுவே குவாசாரின் ஆற்றலுக்குக் காரணம் எனக் கருத்துரைத்தனர். கதிர்வீச்சின் அழுத்தம் வாயுவை வெளியே தள்ளிவிடாமல் இருப்பதற்கான எடிங்டன் வரம்பிலிருந்து நிறைக்கு ஒரு கீழெல்லையும் கிடைத்தது. எனினும் அது எல்லையே தவிர, நிறை அன்று.

2. காலத்தாழ்வு தந்த தொலைவு

தொலைநோக்கியால் பிரித்துக் காண இயலாத பகுதியின் அளவைக் காலத்தால் அறியலாம் என்பதே அடுத்த திருப்பம். மையத்தின் ஒளி கூடினால், அதனால் ஒளியூட்டப்படும் வாயு சில நாள் கழித்தே ஒளிகூடும். அந்தத் தாழ்வை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் வாயுவின் தொலைவு கிடைக்கும். பாகால், கோஸ்லாவ்ஸ்கி, சால்பீட்டர் ஆகியோர் 1972இல் இக்கருத்தை ஆராய்ந்தனர். பிளாண்ட்ஃபோர்டும் மக்கீயும் 1982இல் இதற்குக் கணித வடிவமும் 'எதிரொலி வரைவு' என்னும் பொருளுடைய பெயரும் அளித்தனர்.

1988 டிசம்பர் முதல் ஏறத்தாழ எட்டு மாதம், பன்னாட்டுப் புறஊதா ஆய்வுச் செயற்கைக்கோள் என்.ஜி.சி. 5548 என்னும் விண்மீன் திரளை நான்கு நாளுக்கு ஒருமுறை நோக்கியது. தரைத் தொலைநோக்கிகளும் உடன் இயங்கின. ஐட்ரஜன்-பீட்டா கோட்டின் தாழ்வு ஏறத்தாழ 20 நாள் என்பது தெரியவந்தது. ஒளி அயனியாக்கக் கோட்பாடு அதுவரை எதிர்பார்த்த அளவினும் இது ஏறக்குறைய பத்து மடங்கு சிறியது. 1999இல் பீட்டர்சனும் வாண்டலும், இதே விண்மீன் திரளில் தாழ்வு குறைந்த கோடுகள் அகன்றும், தாழ்வு மிகுந்த கோடுகள் குறுகியும் இருப்பதைக் காட்டினர். வாயுவின் இயக்கத்தை ஆள்வது மையத்தின் ஈர்ப்பே என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

3. பொதுமையாக்கமும் அதன் விலையும்

எதிரொலி வரைவு பொறுமையைக் கோருவது. 17 குவாசார்களை 7.5 ஆண்டு நோக்கிய காஸ்பி குழுவினர் 2000இல், ஒளிர்திறன் மிகுந்தால் அகல்கோட்டுப் பகுதியின் ஆரமும் மிகும் என்னும் தொடர்பை உறுதிப்படுத்தினர். விண்மீன்களின் ஒளியை நீக்கிக் கணக்கிட்ட பென்ட்ஸ் குழுவினர் 2013இல், ஆரம் ஏறத்தாழ ஒளிர்திறனின் இருபடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது எனக் காட்டினர். இதன்பின் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தேவை குறைந்தது. ஒரே ஒரு நிறமாலை போதும். ஒளிர்திறன் ஆரத்தையும், கோட்டகலம் வேகத்தையும் தரும். 2011இல் ஷென் குழுவினர் வெளியிட்ட பட்டியலில் 1,05,783 குவாசார்கள் இடம்பெற்றன.

இவ்வசதிக்கு இரு விலைகள் உண்டு. முதலாவது அளவுக்காரணி. வாயு தட்டையான வட்டாக உள்ளதா, கோளமாகச் சூழ்ந்துள்ளதா, எக்கோணத்தில் நம்மை நோக்கியுள்ளது என்பன தெரியாமையால், இவற்றையெல்லாம் ஈடுசெய்ய ஒரு சராசரிப் பெருக்கெண் சேர்க்கப்படுகிறது. 2004இல் ஆன்கன் குழுவினர், செயல்மிகு திரள்களும் அமைதியான அண்மைத் திரள்களைப் போலவே, கருந்துளை நிறைக்கும் விண்மீன்களின் திசைவேகச் சிதறலுக்கும் இடையிலான தொடர்பைப் பின்பற்றுகின்றன எனக் கொண்டு அதனை 5.5 என வகுத்தனர். 2013இல் கிரையர் குழுவினர் 4.3 எனக் கணித்தனர். எந்த மதிப்பைக் கொண்டாலும் தர்க்கம் ஒன்றே. ஆகவே இவ்வாறு பெற்ற நிறைகளைக் கொண்டு, செயல்மிகு திரள்கள் சராசரியாக அத்தொடர்பைப் பின்பற்றுகின்றனவா எனச் சோதித்தல் சுழல்வாதமாகும்.

இரண்டாவது, எல்லை கடந்த நீட்டிப்பு. அண்மையிலுள்ள சில பத்துத் திரள்களில் ஐட்ரஜன் கோட்டால் கண்ட விதி, தொலைவிலுள்ளவற்றில் மெக்னீசியம், கார்பன் கோடுகளுக்கு மாற்றப்படுகிறது. மையத்திலிருந்து வெளியேறும் வாயுவால் கார்பன் கோடு பாதிக்கப்படுவதுண்டு. மிக விரைவாக வாயுவை உட்கொள்ளும் கருந்துளைகளில் தாழ்வு எதிர்பார்த்ததினும் குறைவு என்பதை 2014 முதல் சீன ஆய்வுக்குழு காட்டியுள்ளது. அத்தகையவற்றின் நிறையை ஒற்றை நிறமாலை முறை மிகைப்படுத்திவிடும்.

4. நேரடிச் சான்று

2018இல் கிராவிட்டி குழுவினர், சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கிகள் நான்கின் ஒளியை ஒன்றிணைத்து, 3சி 273இன் அகல்கோட்டுப் பகுதியின் சுழற்சியைக் கண்டறிந்தனர். ஆரம் ஏறத்தாழ 145 ஒளிநாள்; நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 26 கோடி மடங்கு. 2024இல் அக்குழு செம்பெயர்ச்சி 2.3 உடைய குவாசார் ஒன்றில் இதனை மீண்டும் நிகழ்த்தி, 32 கோடிச் சூரிய நிறை எனக் கண்டது. அது உறையும் விண்மீன் திரளின் நிறையோடு ஒப்பிட, அண்மைத் திரள்களின் தொடர்பு எதிர்பார்ப்பதினும் இது குறைவு. இம்முறையும் வாயு அமைந்துள்ள விதம் குறித்த மாதிரியைச் சார்ந்ததே. எனினும் ஆரத்தை ஒளிர்திறனிலிருந்து கடன் வாங்குவதில்லை.

முடிவுரை

பேரண்டத்தின் அகவை ஏறத்தாழ 69 கோடி ஆண்டாக இருந்தபோதே 80 கோடிச் சூரிய நிறையுடைய கருந்துளை இருந்ததென 2017இல் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு விரைவில் அது எவ்வாறு வளர்ந்தது என்பது இன்றைய பெரும் வினா. அந்த 80 கோடியும் ஒற்றை நிறமாலையின் மெக்னீசியம் கோட்டிலிருந்து பெறப்பட்டதே. இம்முறையின் ஐயப்பாடு ஏறத்தாழ மும்மடங்கு. அதனால் வினா மறைந்துவிடாது. மும்மடங்கு குறைத்தாலும் அக்கருந்துளை பெரிதே. ஆனால் வினாவின் கடுமை மாறும்.

தமிழில் 'அளவீடு', 'மதிப்பீடு' என்னும் இரு சொற்கள் உள்ளன. காலத்தாழ்வும் கோட்டகலமும் அளவீடுகள். அவற்றிலிருந்து பெறும் நிறை மதிப்பீடு. ஒற்றை நிறமாலையில் தாழ்வுகூட அளக்கப்படுவதில்லை. கருந்துளை பற்றித் தமிழில் எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் காத்து, நிறையைக் கூறும் இடத்திலேயே அது பெறப்பட்ட முறையையும் கூறுதல் வேண்டும். எண்ணைச் சுமந்து வந்த வழியை மறந்தால், கருவியின் எல்லையைப் பேரண்டத்தின் இயல்பாகப் பிறழ உணர நேரும்.