சோற்றுக்கு ஒரு கணக்கு நோட்டு

இன்னைக்கு சத்துணவு பத்திப் பேசப்போறோம். ஆனா சோற்றைப் பத்தி இல்ல, அந்தச் சோற்றுக்குக் கணக்கு எழுதுற நோட்டைப் பத்தி.

முதல்ல ஒரு பழைய கதை. 1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்த தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியில மதிய உணவு ஆரம்பிச்சார். ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல செலவாகக் கூடாது. மற்ற சில பள்ளிகளுக்கும் பரவிய அந்தத் திட்டம் 1925-ல் நின்னுபோச்சு. ஏன்? தொடக்கக் கல்வி நிதியில இந்தச் செலவை எழுதக் கூடாதுன்னு ஆங்கிலேய அரசு சொல்லிடுச்சு. பசி தீரல, கணக்குதான் இடிச்சுது.

1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினப்போ, அரசுப் பணத்தோட ஊர் மக்களின் நன்கொடையும் சேர்ந்துச்சு. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர். பெரும்பாலும் பெண்கள், கணவனை இழந்தவங்களுக்கு முன்னுரிமை. திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் அப்போ தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்.

திண்டிவனம் பக்கத்துல ஒரு கிராமத்துல எங்க அம்மாவும் அமைப்பாளர். காலையில வகுப்பு வகுப்பாப் போய்த் தலை எண்ணுவாங்க. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. 40 பேர் வந்தா 4 கிலோ. நோட்டுல 60-ன்னு எழுதினா தினமும் 2 கிலோ வெளியே போகும். மேற்பார்வைன்னா இவ்வளவுதான்: வருகைப் பதிவும், மூட்டையில மிச்சமும், தட்டும் ஒண்ணையொண்ணு ஒத்துப்போகணும். 1989-ல் முட்டை வந்ததும் பிள்ளைகளே தணிக்கையாளர் ஆயிட்டாங்க. சோறு ஒரு பிடி குறைஞ்சா தெரியாது. முட்டை வரலைன்னா ஊருக்கே தெரியும்!

நான் ரெண்டாவது படிச்சப்போ ஒரு நாள் ஒன்றிய அலுவலகத்துலேர்ந்து அதிகாரி வந்தார். நோட்டுல 38 பேர். சாப்பிட உட்கார்ந்தது 39. அந்த ஒருத்தன், படிப்பை விட்டுட்டு மாடு மேய்க்கிற பையன். தினமும் மத்தியானம் சுவரோரமா வந்து நிப்பான்.

“யாரும்மா இது?”

“பசின்னு வந்தான் சார்.”

“பேர் இல்லாதவனுக்குப் போட்டா, நாளைக்குப் பேர் இருக்கிறவனுக்குக் குறையுமே?”

அவர் சொன்னது தப்பில்ல. அந்த 100 கிராம் இன்னொரு பிள்ளையோட பங்கு. அம்மா செஞ்சதும் தப்பில்லன்னுதான் எனக்குத் தோணுது. குறிப்பேட்டுல ஒரு வரி எழுதிட்டு அவர் கிளம்பிட்டார். அன்னைக்கு ராத்திரி அம்மா சரியாச் சாப்பிடல.

மறுநாள் அம்மா அந்தப் பையன் வீட்டுக்குப் போனாங்க. அவங்க அம்மாகிட்டப் பேசி, தலைமையாசிரியர்கிட்ட அவனைக் கூட்டிட்டுவந்து பேரைச் சேர்க்க வெச்சாங்க. அடுத்த வாரம் நோட்டுல ஒரு எண்ணிக்கை கூடுச்சு.

சோறு போட்டா பிள்ளைங்க பள்ளிக்கு வருவாங்கன்னுதானே இந்தத் திட்டமே வந்தது? அந்த நோட்டு திருடனைப் பிடிக்கத்தான்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். விட்டுப்போன பிள்ளையையும் அதுலதான் கண்டுபிடிக்க முடியும்.

உங்க பள்ளியில தட்டோட நின்ன, ஆனா பதிவேட்டுல பேர் இல்லாத யாராவது ஞாபகம் வர்றாங்களா? எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.