கணிப்பியல் காற்றொலியியல்

காற்றோ நீரோ பாயும்போது, அந்தப் பாய்விலிருந்தே எழும் ஒலியைக் கணினியில் எண்முறையாகக் கணித்தறியும் துறை கணிப்பியல் காற்றொலியியல். ஜெட் எஞ்சினின் இரைச்சல், ஹெலிகாப்டர் சுழலியின் படபடப்பு, காற்றாலை இறகின் சீறல், விரையும் காரின் ஜன்னலருகே கேட்கும் காற்றொலி ஆகியவை இதன் ஆய்வுப் பொருள்கள். இவற்றில் ஒலி பிறக்க அதிரும் சவ்வோ தந்தியோ வேண்டியதில்லை. சுழல்கள் உருவாவதும் உருக்குலைவதும் திடப்பரப்பில் மோதுவதுமே போதும். 1980களின் நடுவில் நாசாவின் ஜே ஹார்டின், லாம்கின் என்பவருடன் சேர்ந்து, உருளையின் பின்னால் எழும் பாய்வொலியைக் கணித்து வெளியிட்ட காலத்தையொட்டி இப்பெயர் வழக்கில் வந்தது.

இதன் வேர்கள் இன்னும் பழையவை. இறுகக் கட்டிய கம்பியில் காற்று படும்போது எழும் ஒலியை 1878இல் வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால் ஆராய்ந்தார். அதன் அதிர்வெண், காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து வருவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 5 மில்லிமீட்டர் கம்பியில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் 400 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி கேட்கும். ஆனால் இந்த விதி சுருதியைச் சொல்லுமே தவிர, ஒலி எவ்வளவு பலமாக இருக்கும் என்று சொல்லாது.

லைட்ஹில் சமன்பாடு

அந்தக் கேள்விக்கு முதல் முழுமையான விடை 1952இல் வந்தது. டி ஹாவிலண்ட் காமெட் விமானம் பயணிகளோடு பறக்கத் தொடங்கிய அதே ஆண்டு அது. ஜெட் இரைச்சல் மக்களின் அன்றாடத் தொல்லையாக மாறவிருந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லைட்ஹில், பாய்ம இயக்கத்துக்கான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளை எடுத்து, எதையும் தோராயப்படுத்தாமல் இடம் மாற்றி எழுதினார். இடப்பக்கம் அசைவற்ற ஊடகத்தில் பரவும் எளிய ஒலியலை. எஞ்சிய அனைத்தும் வலப்பக்கம் ஒலியின் ஊற்றாக அமைந்தன. அதிலிருந்து, குறைந்த வேக ஜெட் தாரையின் ஒலித்திறன் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்காக வளரும் என்று காட்டினார். தாரையின் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலித்திறன் 256இல் ஒரு பங்காகும், அதாவது 24 டெசிபெல் குறையும். மையத்தைச் சுற்றிப் பெருமளவு காற்றை மெதுவாகத் தள்ளும் இன்றைய பெரிய விசிறி எஞ்சின்கள் பழைய ஜெட்களைவிட அமைதியாக இருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

திடப்பரப்பு குறுக்கிட்டால் கணக்கு மாறும். 1955இல் கர்ல் காட்டியபடி, பரப்பின் மீது மாறி மாறிச் செயல்படும் விசை இருமுனை ஊற்றாகிறது; ஒலித்திறன் வேகத்தின் ஆறாம் அடுக்காக வளர்கிறது. மெதுவான பாய்வில் இதுவே, லைட்ஹில் காட்டிய நான்முனை ஊற்றான கொந்தளிப்பை மிஞ்சும். 1969இல் ஃபோக்ஸ் வில்லியம்ஸும் ஹாக்கிங்ஸும் இதை நகரும் பரப்புகளுக்கு விரிவுபடுத்தினர். நாசா லாங்லியில் ஃபரசாட் அதைக் கணினிக்கு ஏற்ற வடிவங்களாக்கினார். ஹெலிகாப்டர், புரொப்பெல்லர் ஒலிக் கணிப்பின் முதுகெலும்பு இன்றும் இதுதான்.

லைட்ஹில் சமன்பாடு அழகானது; ஆனாலும் அதன் வலப்பக்கத்தை நிரப்பப் பாய்வு முழுவதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கணினி நுழைவது அங்கேதான்.

பொய்யொலி

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரின் மீது காற்றின் இயக்க அழுத்தம் ஏறத்தாழ 460 பாஸ்கல். 60 டெசிபெல் ஒலியின் அழுத்தமோ 0.02 பாஸ்கல், அதில் இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாய்வைக் கணித்து அதனுள்ளிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பது, நெல் லாரியை எடைமேடையில் ஏற்றி, ஓட்டுநரின் சாப்பாட்டுத் தூக்கு எவ்வளவு கனம் என்று கேட்பதற்கு ஒப்பாகும். விமான இறக்கையின் ஏற்றவிசையைக் கணிப்பவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை பெருமைக்குரிய துல்லியம். ஒலியைக் கணிப்பவருக்கு அதே பிழை விடையை மூழ்கடித்துவிடும். அந்தப் பிழையும் அலையாகவே பரவும் என்பதால், கணினி தானே உண்டாக்கிய பொய்யொலியை மெய்யொலியிலிருந்து பிரித்தறிவது கடினம். இத்துறையின் முறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கவலையிலிருந்து பிறந்தவை.

முதல் ஆபத்து அலையின் வேகம். எளிய இரண்டாம் படி மைய வேறுபாட்டு முறையில் ஓர் அலைநீளத்துக்கு 20 வலைப்புள்ளிகள் வைத்தாலும், கணினிக்குள் அலை 1.6 விழுக்காடு மெதுவாக நகரும். 100 அலைநீளத் தொலைவு சென்றதும் அது ஒன்றரை அலைநீளத்துக்கும் மேல் பின்தங்கியிருக்கும். வலைப்புள்ளிக்குப் புள்ளி குறி மாறும் மிகக் குறு அலைகளின் நடத்தை இன்னும் விபரீதம்: இதே முறையில் அவற்றின் ஆற்றல் எதிர்த்திசையில் ஓடும். வழக்கமான பாய்மக் கணிப்பு நிரல்கள் இவற்றை அடக்கச் செயற்கைத் தேய்வைச் சேர்க்கின்றன. அந்தத் தேய்வு உண்மையான ஒலியையும் சேர்த்து அழித்துவிடும்.

1992இல் சஞ்சீவ லேலே முன்வைத்த செறிவு வேறுபாட்டு முறைகளும், 1993இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் டாம், ஜே வெப் இருவரும் வெளியிட்ட பிரிகை காக்கும் முறையும் இதை மாற்றின. டாமும் வெப்பும் வழக்கமான துல்லியப் படியை உயர்த்திக்கொண்டே போகவில்லை. படியில் சிறிது விட்டுக்கொடுத்து, பலதரப்பட்ட அலைநீளங்களும் சரியான வேகத்தில் செல்லும்படி ஏழு புள்ளிகளின் கெழுக்களைத் தேர்ந்தார்கள். அலைநீளத்துக்கு 6 முதல் 8 புள்ளிகளே போதுமென்றாயிற்று. முப்பரிமாணத்தில் அது நினைவகத்திலும் நேரத்திலும் தரும் மிச்சம் மிகப் பெரியது. எஞ்சும் குறு அலைகளை மட்டும் தேர்ந்து களையும் வடிகட்டிகள் உடன் சேர்ந்தன.

இரண்டாம் ஆபத்து விளிம்பு. கணிப்புக்களம் எங்காவது முடிந்தாக வேண்டும். அங்கே ஒலி சுவரில் மோதியதுபோல் திரும்பி வந்தால் எல்லாம் கெடும். களத்தின் ஓரத்தில் அலையை மெல்லத் தேய்க்கும் உறிஞ்சு படலம் எளிய தீர்வு. மின்காந்த அலைகளுக்காக 1994இல் பெராஞ்சே உருவாக்கிய, எதிரொலிக்காத முழுப்பொருத்தப் படலத்தை 1996இல் ஃபாங் ஹூ பாய்வொலிச் சமன்பாடுகளுக்குக் கொண்டுவந்தார். ஒலியைவிடச் சுழல்கள் வெளியேறும் இடமே அதிகத் தொல்லை தரும். சுழல் விளிம்பைக் கடக்கும்போது எழும் பொய்யொலி, சுழல் உண்மையில் எழுப்பும் ஒலியை எளிதில் மிஞ்சிவிடும்.

நேரடியும் கலப்பும்

பாய்வையும் ஒலியையும் ஒரே கணிப்பில் பெறுவது நேரடி முறை. 2001இல் ஃபிராய்ண்ட், மாக் எண் 0.9 கொண்ட தாரையை இப்படிக் கணித்தார். பாய்வின் நிலைமத்துக்கும் பாகுமைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண் அதில் 3600 மட்டுமே. உண்மையான எஞ்சின்களில் அது பத்து லட்சங்களைத் தாண்டும். தேவைப்படும் வலைப்புள்ளிகளோ ரெனால்ட்ஸ் எண்ணின் 9/4 அடுக்காகப் பெருகும். ஆகவே தொழில்துறை கலப்பு முறையையே நாடுகிறது. பொருளுக்கு அருகே பெருஞ்சுழல் கணிப்பு, அல்லது கார்த் துறை விரும்பும் லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறை. அதைச் சூழ்ந்த கற்பனைப் பரப்பில் பதிவாகும் அழுத்தத்தையும் வேகத்தையும் ஃபோக்ஸ் வில்லியம்ஸ்–ஹாக்கிங்ஸ் சமன்பாட்டில் இட்டால், தொலைவில் நிற்பவருக்குக் கேட்கும் ஒலி கிடைக்கும். இடைப்பட்ட வழியாக, சராசரிப் பாய்வின் மீது நேரியலாக்கிய ஆய்லர் சமன்பாடுகளும் பயன்படுகின்றன.

அதிவேக ரயில்களுக்கு இத்துறை ஏன் தேவை என்பதை ஆறாம் அடுக்கே சொல்லும். மணிக்கு 200இலிருந்து 300 கிலோமீட்டராக வேகம் கூடும்போது சக்கர ஒலி ஐந்து டெசிபெல் அளவே ஏறும். மின்கம்பியைத் தொடும் பாண்டோகிராஃப் எழுப்பும் காற்றொலி பத்துக்கும் மேல் ஏறும்.

கணித்த ஒலியை நம்புவதற்குச் சோதனைக் கணக்குகள் வேண்டும். 1994இல் நாசா லாங்லியில் நடந்த முதல் பட்டறை, சரியான விடை தெரிந்த எளிய கணக்குகளை வைத்து நிரல்களை ஒப்பிட்டது. பின்னர் விமானச் சட்டக ஒலிக்கென, இறங்குசக்கரத் தண்டுகளின் எளிய வடிவமான, ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும் இரு உருளைகள் சோதனைக் கணக்காயின. முன் உருளை உதிர்க்கும் சுழல்கள் பின் உருளையில் மோதுமிடமே அங்கு ஒலியின் முதன்மை ஊற்று. அந்த மோதலின் சுருதியையும் பலத்தையும் ஒருசேர, அளவீட்டோடு பொருந்தக் காட்டுவதே நிரல்களுக்கு வைக்கப்படும் தேர்வு.