ரவுட்டர் எழுதிய கணக்கு

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் முதல் முனை கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. லெனார்ட் கிளைன்ராக் அங்கே நடத்திய ஆய்வகத்துக்குத் தரப்பட்ட பொறுப்பே வலையமைப்பை அளப்பதுதான். 'வலையமைப்பு அளவீட்டு மையம்' என்பது அதன் பெயர். அளப்பவர்கள் முதல் நாளிலிருந்தே கூட இருக்க வேண்டும் என்று திட்டமிட்டவர்கள் நினைத்தார்கள்.

1969 ஆகஸ்ட் இறுதியில் முதல் 'இம்ப்' அங்கே வந்து இறங்கியது. ஹனிவெல் டிடிபி-516 கணினியை வைத்து பிபிஎன் நிறுவனம் உருவாக்கிய, பீரோ அளவுப் பெட்டி அது. இன்று டிவிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டருக்கு முப்பாட்டன். அதை இணைத்த தொலைபேசித் தடத்தின் வேகம் விநாடிக்கு 50 கிலோபிட். ஆனால் இன்றைய வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இல்லாத ஒரு திறமை அதனிடம் இருந்தது. தன்னைத் தானே அளந்து சொல்லும். எத்தனை தரவுப் பொட்டலங்கள் வந்தன, வரிசையில் எத்தனை காத்திருக்கின்றன, குறிப்பிட்ட ஒரு பொட்டலம் எப்போது நுழைந்து எப்போது வெளியேறியது என்ற விவரமெல்லாம் கேட்டால் திரட்டி அனுப்பிவிடும். கிளைன்ராக்கின் குழு வேண்டுமென்றே தடங்களை நிரப்பி, எங்கே மூச்சு திணறுகிறது என்று பார்த்தது. துண்டு துண்டாக வரும் செய்திகளைச் சேர்த்துக் கட்ட இடமில்லாமல் இம்ப் அப்படியே உறைந்துபோகும் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது இப்படிப்பட்ட சோதனைகளில்தான்.

பிறகு இணையம் வளர்ந்தது, பெட்டி சிறுத்தது, விலை குறைந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த அளக்கும் திறமை கழன்று போயிருந்தது. அது திரும்பி வர நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

இடைப்பட்ட காலத்தில் அளவுகோல்களைச் செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவர், 1983 டிசம்பரில் ஒரு வலையமைப்புக் கோளாறைத் துரத்தியபோது ஒரே மாலையில் எழுதிய சிறு நிரல்தான் 'பிங்'. ஒரு பொட்டலத்தை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று பார்ப்பது அதன் வேலை. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியிலிருந்து பெயர் வந்தது. அடுத்த ஆண்டு டெர்ரி ஸ்லாட்டரியோடு சேர்ந்து 'டிடிசிபி' என்ற இன்னொரு கருவியையும் அவர் எழுதினார். விநாடிக்கு எவ்வளவு தரவு போய்ச் சேருகிறது என்பதை அது அளந்தது. தாமதம், கொள்ளளவு என்ற இரண்டு அளவைகளுக்கும் ஒரே மனிதர் கருவி செய்து தந்தார். ஆனால் பின்னாளில் 'ஸ்பீடு' என்றாலே இரண்டாவதை மட்டும்தான் விளம்பரங்கள் பேசின. இந்தக் கதையின் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

2006-ல் ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்ட் வந்தது. பொத்தானை அழுத்தினால் முள் ஓடும், எண் வரும். சாதாரண மனிதர் கையில் ஓர் அளவுகோலைத் தந்தது பெரிய காரியம். ஆனால் அந்த எண்ணை வைத்து வாதாட முடியவில்லை. வைஃபை சிக்னல் பலவீனமாக இருக்கலாம், பழைய லேப்டாப்பாக இருக்கலாம், அடுத்த அறையில் யாராவது படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் எப்போது சோதித்தார்கள்? நெட் மெதுவாக இருக்கிறது என்று எரிச்சல் வந்தபோது. நன்றாக ஓடிய நேரங்கள் கணக்கிலேயே வரவில்லை. வாடிக்கையாளர் எண்ணைக் காட்டினால், 'உங்கள் கம்ப்யூட்டரில்தான் பிரச்சினை' என்று நிறுவனம் எளிதாகச் சொல்லிவிடலாம். அது பல சமயம் உண்மையாகவும் இருந்தது.

அளக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2007-ல் ஒரு பாடம் கிடைத்தது. ஓரிகன் மாநிலத்தில் வசித்த ராப் டொபோல்ஸ்கி, 'பார்பர்ஷாப்' எனப்படும் நால்வர் குழுப் பாடல்களின் ரசிகர். காப்புரிமை தீர்ந்த பழைய ஒலிப்பதிவுகளை பிட்டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாகப் பகிர முயன்றார், நடக்கவில்லை. அவர் வலையமைப்பு தெரிந்தவர் என்பதால் பொட்டலங்களைப் பிடித்துப் பார்த்தார். இரு முனைகளும் அனுப்பாத 'இணைப்பைத் துண்டி' என்ற கட்டளைகள் நடுவழியில் நுழைக்கப்பட்டிருந்தன. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் கிங் ஜேம்ஸ் பைபிளின் பிரதி ஒன்றை வைத்துச் சோதித்து, அக்டோபரில் அதை உறுதி செய்தது. அவருக்கு இணைய இணைப்பு தந்த காம்காஸ்ட் நிறுவனம் இந்தக் குறுக்கீட்டை நிறுத்த வேண்டும் என்று 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி உத்தரவிட்டது. 2010-ல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது வேறு கதை. அளக்கத் தெரிந்த ஒரு தனி மனிதரின் கண்ணில் பட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. 2009 ஜனவரியில் இணைய முன்னோடி விண்ட் செர்ஃப் முதலானோர் முன்னின்று 'எம்-லேப்' என்ற பொது அளவீட்டு மேடையைத் தொடங்கினார்கள். அதில் சேரும் தரவு எவருக்கும் திறந்தது.

எங்கிருந்து அளப்பது என்ற கேள்வி பாக்கி இருந்தது. பதில் வீட்டிலேயே கிடந்தது.

லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீலமும் கறுப்புமான டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் 2002 டிசம்பரில் வந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்த ஆர்வலர்கள், லினக்ஸ் உரிமத்தின் நிபந்தனைப்படி மூல நிரலைக் கேட்டார்கள். 2003-ல் அது வெளியானது. அந்த நிரலிலிருந்து 2004-ல் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்ற திறந்த ரவுட்டர் மென்பொருள் பிறந்தது. கடையில் வாங்கிய மலிவான பெட்டி திடீரென்று ஒரு முழுக் கணினி ஆயிற்று. 24 மணி நேரமும் விழித்திருக்கும், வீட்டின் போக்குவரத்து முழுவதையும் பார்க்கும், வெளிக்கம்பியோடு நேராகப் பேசும். யூனிக்ஸ் உலகில் 1970-களிலிருந்தே இருந்துவரும் 'கிரான்' என்ற நேரக் கணக்குப்பிள்ளையும் அதற்குள் இருந்தது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடங்களை நிரப்பி ஒரு வரி எழுதினால் போதும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம், எரிச்சலும் வேண்டாம்.

இதைத் தேசிய அளவில் செய்து காட்டியது சாம்நோஸ். சாம் கிராஃபோர்டு என்பவர் பிரிட்டனில் தொடங்கிய இந்நிறுவனம், 2008-ல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையமான ஆஃப்காமோடு சேர்ந்து ஏறத்தாழ 1,600 வீடுகளில் சிறு பெட்டிகளை வைத்தது. வீட்டில் யாராவது இணையத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் பெட்டி காத்திருக்கும், ஓய்ந்ததும் சோதிக்கும், நடுராத்திரியிலும் சோதிக்கும். 2010 மே மாத முடிவுகள் பிரிட்டனைத் திடுக்கிட வைத்தன. 'அதிகபட்சம்' என்று விளம்பரங்கள் சொன்ன வேகத்தின் சராசரி 11.5 எம்பிபிஎஸ், வீடுகளுக்கு வந்தது சராசரியாக 5.2. பாதிகூட இல்லை! 2012-லும் 2018-லும் அங்கே விளம்பர விதிகள் இறுகின. இன்று, குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்காவது இரவு 8 முதல் 10 மணி வரையிலான நெரிசல் நேரத்தில் கிடைக்காத வேகத்தை விளம்பரத்தில் போட முடியாது.

கடலுக்கு அப்பால் எஃப்சிசியும் அதே பெட்டிகளை எடுத்துக்கொண்டது. 13 பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர் வீடுகளில் 2011 மார்ச்சில் அளந்து ஆகஸ்டில் அறிக்கை வந்தது. வார நாள்களில் இரவு 7 முதல் 11 மணி வரை தொலைபேசிக் கம்பி இணைப்புகள் சொன்ன வேகத்தில் 82 சதவீதத்தையும், கேபிள் 93 சதவீதத்தையும், ஃபைபர் 114 சதவீதத்தையும் தந்தன. சராசரிகளைவிட அதில் உள்ள ஒரு நிறுவனத்தின் கதைதான் முக்கியமானது. நியூயார்க் வட்டாரத்தின் கேபிள்விஷன் நெரிசல் நேரத்தில் ஏறத்தாழ 54 சதவீதம்தான் தந்தது. பெயரோடு அச்சில் வந்தது. அடுத்த ஆண்டு அறிக்கையில் அதே நிறுவனம் 120 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அபராதம் கிடையாது, வழக்கு கிடையாது. வாசலில் இருந்த பெட்டிகள் எழுதிய கணக்கு பொதுவில் வைக்கப்பட்டது, அவ்வளவுதான். இப்படி ஒரு சாட்சி இருக்கும்போது இதை ஏன் எல்லா நாடுகளும் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே 2011-ல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் ஸ்ரீகாந்த் சுந்தரேசன், நிக் ஃபீம்ஸ்டர் உள்ளிட்டோர் இந்தத் தரவையும் தங்களுடைய 'பிஸ்மார்க்' ரவுட்டர்களின் தரவையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒற்றைச் சோதனை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் குறைவு. சில கேபிள் இணைப்புகளில் 'பவர்பூஸ்ட்' என்ற ஏற்பாடு இருந்தது. முதல் சில விநாடிகளுக்கு மட்டும் வேகம் கூடும், பிறகு பழைய நிலைக்கு இறங்கும். சிறிது நேரமே ஓடும் சோதனை அந்த உச்சத்தைப் பார்த்துவிட்டு நற்சான்று கொடுத்துவிடும். இன்னொன்று அதைவிட மோசம். அப்லோடு நடக்கும்போது சில மோடம்கள் பொட்டலங்களைத் தங்களுக்குள் குவித்துக்கொண்டே போய், தாமதத்தை விநாடிக் கணக்கில் ஏற்றின.

இந்த நோய்க்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். 2010-ல் வீட்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை அனுப்பியபோது பிங் ஒரு விநாடியைத் தாண்டியதைக் கண்டு தேடத் தொடங்கினார். நினைவகம் மலிவானதால் பொட்டலங்கள் காத்திருக்கும் இடமான பஃபரை உற்பத்தியாளர்கள் தாராளமாக வைத்துவிட்டார்கள். எதையும் தொலைக்காமல் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தும் பெட்டி, அவசரமான குரல் அழைப்பையும் வரிசையின் கடைசியில் நிறுத்திவிடுகிறது. வேகச் சோதனையில் 50 எம்பிபிஎஸ் வரும், வீடியோ அழைப்பு மட்டும் திக்கும். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் 'கோடெல்' என்ற வரிசை மேலாண்மை முறையைத் தந்தார்கள். டேவ் டாட் 'செரோடபிள்யூஆர்டி' திட்டத்தில் அதை நெட்கியர் ரவுட்டர்களில் ஓடவிட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் சுமையோடு அளந்து பார்த்தார். 2025 ஏப்ரலில் அவர் மறைந்தார். அவரும் நண்பர்களும் செதுக்கிய நிரல் இன்று கோடிக்கணக்கான கருவிகளுக்குள் ஓடுகிறது.

மூஸ் தனித்தனியாகச் செய்த இரண்டு அளவைகளும் ஒரே சோதனையில் சேர்ந்தது இதற்குப் பிறகுதான். கம்பியை நிரப்பிக்கொண்டே பிங்கை அளக்க வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் கிடைக்கும் 'ஸ்பீட்டெஸ்ட்-நெட்பெர்ஃப்' நிரல் அதைச் செய்கிறது. அது காட்டும் அறிக்கையில் டவுன்லோடு எண்ணுக்குக் கீழே தாமதத்தின் குறைந்த அளவு, நடு அளவு, உச்சம் எல்லாம் வரும். கடைசியில் ரவுட்டரின் சிபியூ எவ்வளவு திணறியது என்ற கணக்கும் வரும். இந்தக் கடைசி வரியைப் பார்க்காமல் மேலே உள்ள எதையும் நம்பக் கூடாது. பொட்டலத்தை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளுவதற்கென்று ரவுட்டரில் தனி வன்பொருள் உதவி இருக்கலாம். சோதனையைத் தானே நடத்தும்போது அந்த உதவி கிடையாது. ஒரு ஜிகாபிட் இணைப்பில் அதன் பாதி எண்கூட வராமல் போகலாம். அப்போது அளக்கப்படுவது கம்பி அல்ல, ரவுட்டரின் சின்னச் சிபியூ.

தரவுச் செலவும் உண்டு. 100 எம்பிபிஎஸ் இணைப்பை 10 விநாடி நிரப்பினால் 125 எம்பி கரையும். மணிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 3 ஜிபி, மாதத்துக்கு 90 ஜிபி, அதுவும் டவுன்லோடு மட்டும். பிங்கை நிமிடத்துக்கு ஒருமுறையும் முழுச் சோதனையை நாளுக்கு நாலைந்து முறையும் ஓட்டினாலே நெரிசல் நேரம் பளிச்சென்று தெரிந்துவிடும். கிரான் வரியில் நிமிடத்தை பூஜ்யம் என்று போடாமல் 17 என்றோ 43 என்றோ போடுவது நல்லது. எல்லோரும் மணியடித்தவுடன் சோதித்தால் எதிர்முனைச் சர்வர்தான் திணறும்.

இந்தக் கணக்குக்குச் சட்டத்தின் முன் மதிப்பு உண்டா? ஜெர்மனியில் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் சொன்ன வேகம் வராவிட்டால் வாடிக்கையாளர் கட்டணத்தைக் குறைக்கலாம் அல்லது விலகலாம். அப்போதைய விதிப்படி மூன்று வெவ்வேறு நாள்களில் மொத்தம் 30 முறை அளந்து காட்ட வேண்டும். ஒரே எண்ணை நம்பாமல் பல நாள் அளக்கச் சொன்னது சாம்நோஸ் பெட்டிகளின் பாணிதான். ஆனால் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையம் தரும் மென்பொருள் கணினியில் ஓடுவது. கணினியை ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைத்துக்கொண்டு, அளக்கும் நேரமெல்லாம் வீட்டில் வேறு எவரும் நெட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவு பகலாக வாசலில் விழித்திருக்கும் ரவுட்டர் மாதக்கணக்கில் எழுதிவைத்த பதிவை அங்கே நீட்டினால், அந்த மென்பொருளின் முப்பது சோதனைகளுக்கு அது ஈடாகாது.