லிவிங்ஸ்டன்: பழுதின் காரணத்தைத் தானே தேடிய விண்கல மென்பொருள்

லிவிங்ஸ்டன் என்பது சிக்கலான பொறியியல் அமைப்புகளில் ஏற்படும் பழுதுகளைக் கண்டறிவதற்காக உருவாக்கப்பட்ட மென்பொருள் ஆகும். அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் 1990களின் நடுப்பகுதியில் பிரையன் வில்லியம்ஸ், பாண்டுரங்க நாயக் ஆகியோர் இதை வடிவமைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் பயணம் செய்த மருத்துவரும் நாடாய்வாளருமான டேவிட் லிவிங்ஸ்டனின் நினைவாக இதற்குப் பெயரிடப்பட்டது. 1999 மே மாதத்தில் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில் இது இயக்கிச் சோதிக்கப்பட்டது.

பின்னணி

கணினியைக் கொண்டு நோயையும் பழுதையும் கண்டறியும் முயற்சிகள் 1970களில் வலுப்பெற்றன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற மருத்துவ மென்பொருள் இவற்றுள் புகழ் பெற்றது. வல்லுநர்களின் அனுபவ அறிவு, 'இந்த அறிகுறி இருந்தால் இந்த நோயாக இருக்கலாம்' என்ற வடிவிலான விதிகளாக அதில் எழுதி வைக்கப்பட்டது.

இந்த முறையை இயந்திரங்களுக்குப் பயன்படுத்துவதில் இரண்டு இடர்கள் இருந்தன. புதிதாக வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தைப் பற்றி எவருக்கும் அனுபவ அறிவு இருக்காது. மேலும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பாகங்கள் பழுதடைந்தால், அத்தகைய சேர்க்கைகள் அனைத்துக்கும் முன்கூட்டியே விதி எழுதுவது இயலாது. விண்கலங்களுக்கு இவ்விரு இடர்களும் பொருந்தும். பெரும்பாலான ஆய்வு விண்கலங்கள் ஒருமுறை மட்டுமே கட்டப்படுபவை.

1987ஆம் ஆண்டின் இரு கட்டுரைகள்

இதற்கு மாற்றாக எழுந்ததே மாதிரி அடிப்படையிலான பழுது கண்டறிதல். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் ரைட்டர் இதன் ஏரண அடிப்படையை 1987இல் வகுத்தார். அதே ஆண்டில் யோகான் டி கிளீர், பிரையன் வில்லியம்ஸ் ஆகியோர் ஒரே நேரத்தில் ஏற்படும் பல பழுதுகளைக் கண்டறியும் வழிமுறையை வெளியிட்டனர்.

இத்துறையில் வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு ஒரு சிறிய மின்சுற்று. அதில் மூன்று பெருக்கிகளும் இரண்டு கூட்டிகளும் உள்ளன. ஒவ்வொரு பெருக்கிக்கும் 2, 3 ஆகிய எண்கள் தரப்படுகின்றன. எனவே ஒவ்வொன்றும் 6 என்ற விடையைத் தர வேண்டும். முதல் கூட்டி முதல் இரண்டு பெருக்கிகளின் விடைகளையும், இரண்டாம் கூட்டி கடைசி இரண்டு பெருக்கிகளின் விடைகளையும் கூட்டுகின்றன. ஆகவே இரண்டு கூட்டிகளிலும் 12 வர வேண்டும். ஆனால் முதல் கூட்டியில் 10 வருகிறது. இரண்டாவதில் 12 வருகிறது.

முதல் பெருக்கியோ முதல் கூட்டியோ பழுதாகியிருந்தால் இந்த விடைகள் வரலாம். இரண்டாம் பெருக்கி மட்டும் பழுது என்று கொள்ள முடியாது; அப்படியானால் இரண்டாம் கூட்டியின் விடையும் மாறியிருக்க வேண்டும். இரண்டாம் பெருக்கியுடன் மூன்றாம் பெருக்கியோ இரண்டாம் கூட்டியோ சேர்ந்து பழுதாகி, ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுசெய்திருந்தால் மட்டுமே அது பொருந்தும். இந்த முடிவுகளை எட்டப் பழைய பழுதுகளின் பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. சுற்று எவ்வாறு இயங்க வேண்டும் என்ற அறிவே போதுமானதாக இருந்தது.

செயல்படும் முறை

லிவிங்ஸ்டன் இந்தக் கருத்தை விண்கலத்துக்கு விரிவாக்கியது. வால்வு, மின் நிலைமாற்றி, உணரி போன்ற ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி மாதிரி எழுதப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு வால்வு திறந்திருக்கலாம், மூடியிருக்கலாம், திறந்த நிலையிலோ மூடிய நிலையிலோ சிக்கிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு நிலையிலும் அதன் வழியே எரிபொருள் பாயுமா என்பதும், ஒவ்வொரு பழுது நிலையும் ஏற்படுவதற்கான நிகழ்தகவும் மாதிரியில் குறிக்கப்படும்.

பாகங்களின் மாதிரிகளை இணைத்து முழு அமைப்பின் மாதிரி பெறப்படுகிறது. அனுப்பப்பட்ட கட்டளைகளின்படி உணரிகள் என்ன காட்ட வேண்டும் என்று மென்பொருள் கணிக்கும். உண்மை அளவீடு அதனுடன் முரண்பட்டால், அம்முரண்பாட்டை நீக்கக்கூடிய விளக்கங்களுள் நிகழ்தகவு மிகுந்ததை முதலில் தேடும். பின்னர் அதே மாதிரியைப் பயன்படுத்தி, அமைப்பை மீண்டும் வேலை செய்ய வைக்கும் வழியையும் கண்டறியும்.

1999 மே மாதச் சோதனை

டீப் ஸ்பேஸ் 1 விண்கலம் 1998 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்டது. புதிய தொழில்நுட்பங்களைச் சோதிப்பதே அதன் முதன்மை நோக்கம். அவற்றுள் ஒன்று 'ரிமோட் ஏஜென்ட்' என்ற தன்னியக்க மென்பொருள். பணிகளைத் திட்டமிடும் பகுதி, திட்டத்தை நிறைவேற்றும் பகுதி, பழுதைக் கண்டறியும் லிவிங்ஸ்டன் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இது.

வழக்கமாக, தன்னால் சமாளிக்க முடியாத கோளாறு ஏற்படும்போது விண்கலம் பணிகளை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு நிலைக்குச் சென்று, பூமியிலிருந்து வரும் கட்டளைக்காகக் காத்திருக்கும். தொலைவு மிகுதியாக இருக்கும்போது செய்தி சென்று திரும்பவே பல நிமிடங்கள் ஆகும். இந்தக் காத்திருப்பைக் குறைப்பதே ரிமோட் ஏஜென்ட்டின் குறிக்கோள்.

சோதனை மே 17 அன்று தொடங்கியது. செயற்கையாக ஏற்படுத்தப்பட்ட நான்கு பழுதுகள் மென்பொருளுக்குத் தரப்பட்டன. ஒளிப்படக் கருவியின் மின் நிலைமாற்றி அணையாமல் சிக்கிக்கொண்டதாகக் காட்டியபோது, அதற்கேற்பத் திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. செயலிழந்த மின்னணு அலகு மீண்டும் இயக்கப்பட்டது. தவறான தகவல் தந்த உணரி அடையாளம் காணப்பட்டு, அதன் அளவீடு புறக்கணிக்கப்பட்டது. மூடிய நிலையில் சிக்கிய உந்துபொறியைத் தவிர்த்து இயங்கும் முறைக்கு விண்கலம் மாறியது.

ஆயினும் மே 18 அன்று எவரும் திட்டமிடாத கோளாறு ஒன்று நிகழ்ந்தது. அயனி உந்துபொறியை நிறுத்த வேண்டிய நேரத்தில் ரிமோட் ஏஜென்ட் அதை நிறுத்தவில்லை. தரைக் கட்டுப்பாட்டுக் குழுவினர் சோதனையை இடைநிறுத்தி ஆராய்ந்தனர். திட்டத்தை நிறைவேற்றும் பகுதியில், ஒரே நேரத்தில் இயங்கிய இரு செயல்கள் ஒன்றுக்காக மற்றொன்று காத்து நின்றுவிட்டது தெரியவந்தது. அதாவது, விண்கலத்தின் எந்தப் பாகமும் பழுதடையவில்லை; மென்பொருளே தடுமாறியிருந்தது. பாகங்களின் மாதிரியை மட்டுமே அறிந்த லிவிங்ஸ்டனால் இதைக் கண்டறிய முடியவில்லை.

1997இலேயே ஏம்ஸ் மையத்தின் மற்றொரு குழு, ஸ்பின் என்ற சரிபார்ப்புக் கருவியைக் கொண்டு அதே பகுதியின் வேறோர் இடத்தில் இதே வகைப் பிழையைக் கண்டுபிடித்திருந்தது. அந்த இடம் திருத்தப்பட்டது. ஒத்த பிழை இன்னோர் இடத்தில் தப்பிவிட்டது. மீண்டும் நிகழும் வாய்ப்பு குறைவு என்று கருதி, பிழையைத் திருத்தாமலேயே மே 21 அன்று சோதனை தொடரப்பட்டது. எல்லாக் குறிக்கோள்களும் எட்டப்பட்டன. 1999ஆம் ஆண்டின் சிறந்த மென்பொருளுக்கான நாசா விருதை ரிமோட் ஏஜென்ட் பகிர்ந்துகொண்டது.

தொடர்ச்சி

இதன் அடுத்த பதிப்பான லிவிங்ஸ்டன் 2, சி++ மொழியில் எழுதப்பட்டு, 2004இல் எர்த் அப்சர்விங் 1 செயற்கைக்கோளில் சோதிக்கப்பட்டது. அதன் பின்னர் ஏம்ஸ் மையத்தில் உருவான ஹைட் என்ற மென்பொருள், செவ்வாய்க்கோளுக்கான துளையிடும் கருவியின் சோதனைகளில் பயன்பட்டது. கனடாவின் டெவன் தீவிலுள்ள ஹாட்டன் பள்ளத்தில் அச்சோதனைகள் நடைபெற்றன.

அனுபவப் பட்டியல் இல்லாமலேயே பழுதைக் கண்டறிய முடியும் என்பதை 1999ஆம் ஆண்டின் சோதனை நிறுவியது. மாதிரியில் எழுதப்படாத பகுதியில் நேரும் கோளாறுக்கு மனிதரின் கண்காணிப்பு தேவைப்படும் என்பதையும் அதே சோதனை காட்டியது. மென்பொருளை ஏவுவதற்கு முன்பே கணித முறைகளால் சரிபார்க்க வேண்டியதன் தேவைக்கு, மே 18 நிகழ்வு ஓர் எடுத்துக்காட்டாக இன்றும் சுட்டப்படுகிறது.