சொம்பு சொல்லும் கதை



எனக்குச் சொந்த ஊர் ஜவ்வாது மலைப் பக்கம், செய்யாற்றங்கரையில் இருக்கும் கலசப்பாக்கம். ஊர்ப் பெயரிலேயே கலசம் இருப்பதாலோ என்னவோ, பாத்திரப் பெயர்கள் மேல் எனக்கு ஒரு கண்.

ஒரு நாள் அம்மா, "அந்த எவர்சில்வர் சொம்பை எடுத்துட்டு வாடா" என்றார். எடுத்துக் கொடுத்த பிறகுதான் யோசித்தேன். செம்பு என்றால் தாமிரம். அப்புறம் எவர்சில்வரில் எப்படிச் செம்பு?

சிவந்த நிறத்தால் அந்த உலோகத்துக்குச் செம்பு என்று பெயர் வந்தது. அதில் செய்த பாத்திரத்துக்கும் அதே பெயர் ஆகி வந்தது. நம் தமிழ் ஐயா வகுப்பில் படித்த ஆகுபெயர்தான், வேறொன்றுமில்லை. பேச்சில் அது சொம்பு ஆயிற்று. இங்கிலீஷ்காரர்களும் கண்ணாடியில் செய்ததை கிளாஸ் என்றார்கள். நாமோ எவர்சில்வர் கிளாஸில் காபி குடிக்கிறோம்!

செம்புக்கு இன்னொரு வடிவம் செப்பு. மன்னர்கள் தானங்களை எழுதிவைத்த செப்புத் தகடு செப்பேடு. 1905-ல் கிடைத்த, ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இதற்கு நல்ல உதாரணம். மூடி போட்ட சிறு பாத்திரமும் செப்புதான். குழந்தைகள் விளையாடும் சொப்புச் சாமானும் இந்தக் குடும்பமே.

துருப்பிடிக்காத எஃகை 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கினார். பிற்பாடு அது எவர்சில்வராக நம் சமையலறைக்கு வந்தது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம். எங்க வீட்டில் பாட்டி காலத்துச் செம்பு ஒன்று இருந்தது. "இது எதுக்கும்மா, எடைக்குப் போட்டுடலாம்" என்று சொன்னவன் நான்தான். "இன்ஜினீயருக்குப் படிக்கிற பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அம்மாவும் கொடுத்துவிட்டார்.

செம்புப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்த தண்ணீரில் பல நோய்க்கிருமிகள் செத்துப்போகின்றன என்று ஆய்வுகள் சொல்வதைப் பின்னாளில்தான் படித்தேன். உலோகம் பற்றி நாலு வருஷம் படித்த எனக்கு, பாட்டி வீட்டுச் செம்பின் அருமை தெரியவில்லை.

விசேஷ நாளில் செம்புக்கு நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்தால் அதுவே கலசம். இப்போது கலசம் வைக்க வேண்டுமென்றால், கலசப்பாக்கத்துக்காரனான நான் பக்கத்து வீட்டில் போய்ச் செம்பு இரவல் கேட்கிறேன்!

தம்பி தங்கைகளே, அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால் பரண்மேல் ஏறிப் பாருங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், எதற்குப் புழங்கினார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். எடைக்குப் போடுவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.